கடலடியில் ஒரு வகுப்பறை

நம் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுகூடத்திலே, கண்ணாடி அலுமாரியின் மேற்றட்டில், மான்கொம்பு போற் கிளைத்த வெண்ணிற முருகைக்கல் ஒன்று நெடுங்காலம் இருந்தது. அதனைக் கொணர்ந்து வைத்தவன் யானே. கடல் வற்றிய ஒரு காலைப்பொழுதில் முழங்காலளவு நீரில் நடந்து சென்று அதனை முறித்தெடுத்தேன். முறித்தபொழுது அது வெண்ணிறமாயிருக்கவில்லை. மங்கிய பழுப்பு நிறத்தோடு, தொட்டால் வழுக்குந் தன்மையதாயிருந்தது. வாளியிலிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாம் நாள் அதன் நாற்றம் பொறுக்க முடியாததாயிற்று. வெயிலிற் காயவைத்துக் கழுவிய பின்னரே இன்றுள்ள வெண்மை வந்தது. மாதிரி நன்றென்று ஆசிரியர் பாராட்டினார். பழுப்பு எங்கே போயிற்று, நாற்றம் எதனால் வந்தது என்று யானுங் கேட்கவில்லை, வேறெவருங் கேட்கவில்லை. குடியிருந்தோரையெல்லாம் கொன்றுவிட்டு வீட்டை மட்டுங் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தேன் என்பதை அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

கடலை அறிவதற்குக் கடலிலிருந்து ஒன்றைப் பிடுங்கிவருவதே வழியென்று எண்ணிய காலம் அது. இன்று உலகின் பல பாகங்களிலே, பன்னிரண்டு முதற் பதினெட்டு வயது வரையுள்ள மாணவர் இதற்கு நேர்மாறான வழியிற் கடலியலைக் கற்கின்றனர். உயிரினத்தை ஆய்வுகூடத்துக்குக் கொணராது, தாமே அதன் இருப்பிடத்துக்கு மூச்சுக்கருவியோடு இறங்கி, எதனையும் தொடாமல் எண்ணியும் அளந்தும் எழுதியும் மீள்கின்றனர். இக்கல்வி முறை யாது, அது எங்ஙனம் நடைபெறுகின்றது, கடல்சூழ்ந்த இந்நாட்டு மாணவர்க்கு அதனால் ஆகும் பயன் யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூச்சை அடக்கியவரும் மூச்சைக் கொண்டுசென்றவரும்

கடலில் மூழ்குதல் நமக்குப் புதிய கலையன்று. மன்னார்க் குடாவின் முத்துப்பார்களிலே நூற்றாண்டுகள் பலவாக முத்துச்சலாபம் நடைபெற்றது. கல்லொன்றைக் காலிற் பொருத்தி, கயிற்றைப் பற்றி, ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் மூச்சையடக்கி, பல பாக ஆழத்துக்கு இறங்கிச் சிப்பி வாரிய குளிகாரரின் திறமையை அயல்நாட்டார் பலர் வியந்தெழுதினர். 1902-ஆம் ஆண்டிலே பேராசிரியர் ஹேட்மன் என்னும் பிரித்தானிய விலங்கியலறிஞர் இப்பார்களை ஆராய இலங்கைக்கு வந்தார். அவர் வெளியிட்ட அறிக்கை இன்றும் நம் கடலின் உயிரினங்களைப் பற்றிய மூலநூல்களுள் ஒன்றாக விளங்குகின்றது. ஆயினும், கடலடியை ஒரு நிமிடத்துக்கு மேற் கண்டவர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஒரு மூச்சுக்குள் வேலையை முடிக்க வேண்டியவனுக்குச் சுற்றும் முற்றும் பார்த்து ஆராய நேரமேது?

இக்குறையைப் போக்கியவர் பிரான்சு நாட்டவரான கூஸ்தோ என்னுங் கடற்படை அதிகாரியும், கஞ்ஞான் என்னும் பொறியியலாளருமாவர். போர்க்காலத்திற் பெற்றோல் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது, மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்டுவதற்கெனக் கஞ்ஞான் ஒரு வாயில்கருவி செய்திருந்தார். அதனைத் திருத்தியமைத்து, மூழ்குபவன் மூச்சை உள்ளிழுக்கும்பொழுது மட்டும், அவ்வாழத்து அமுக்கத்துக்கு ஏற்ற அளவிற் காற்றைக் கொடுக்குங் கருவியாக 1943-இல் இருவரும் ஆக்கினர். இதுவே இன்று ‘ஸ்கூபா’ என வழங்குஞ் சுவாசக்கருவியின் தொடக்கமாகும். மேலிருந்து குழாய்மூலம் காற்றுப் பெறும் பழைய கனத்த தலைக்கவசக்காரன் கட்டிய மாடு போல ஓரிடத்திலேயே உழல வேண்டியவனானான். முதுகிற் சிலிண்டர் தாங்கியவனோ மீனைப் போலத் தன் விருப்பப்படி திரியும் உரிமை பெற்றான்.

உடலிற் செயற்படும் விதிகள்

மாணவனொருவன் இக்கலையைக் கற்கப் புகுங்கால் முதலிற் சந்திப்பது உயிரியலை அன்று, பௌதிகத்தையே. பாடநூலிற் போயிலின் விதியை மனனஞ் செய்து, பரீட்சையில் எழுதி, மறுநாளே மறந்தோர் நம்முட் பலர். நீருள் அவ்விதியை மறப்பவன் உயிரை இழப்பான்.

கடல் மட்டத்திலே நம்மைச் சூழ்ந்திருப்பது ஒரு வளிமண்டல அமுக்கம். நீரில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்பொழுதும் இன்னொரு வளிமண்டல அமுக்கம் அதனோடு சேர்கின்றது. ஆகவே, 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு, 20 மீற்றரில் மும்மடங்கு, 30 மீற்றரில் நான்மடங்கு. வாயுவின் கனவளவு அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதத்தில் மாறும் என்பதே போயிலின் விதி. 10 மீற்றர் ஆழத்தில் ஒருவன் நுரையீரல் நிறைய 6 இலீற்றர் காற்றை உள்ளிழுத்து, அச்சத்தால் வாயை மூடிக்கொண்டு மேலெழுவானாயின், நீர்ப்பரப்பை அடையும்பொழுது அக்காற்று 12 இலீற்றராக விரிய முயலும். நுரையீரல் அதனைத் தாங்காது கிழியும். ஆதலினாலேயே, ‘மூச்சை ஒருபோதும் அடக்காதே’ என்பது ஸ்கூபா மாணவனுக்குச் சொல்லப்படும் முதல் விதியாயிற்று. முத்துக்குளித்த நம் முன்னோர்க்கு மூச்சை அடக்குதலே கலை. இவனுக்கோ அடக்காதிருத்தலே கலை. முன்னவர் மேற்பரப்பில் இழுத்த மூச்சையே கீழே கொண்டுசென்று மீண்டும் கொணர்ந்தார். அது ஆழத்தில் ஒடுங்கி, மேலே வந்ததும் பழைய அளவையே அடைந்தது. பின்னவன் ஆழத்திலே, அமுக்கப்பட்ட காற்றைச் சுவாசிக்கின்றான். வேறுபாடு இதுவே.

சிலிண்டர் எவ்வளவு நேரம் போதும் என்பதும் இவ்விதியாலேயே அறியப்படும். 12 இலீற்றர்க் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 வளிமண்டல அமுக்கத்திற் காற்று அடைக்கப்பட்டிருப்பின், அது சாதாரண அமுக்கத்தில் 2400 இலீற்றருக்குச் சமமாகும். நிமிடத்துக்கு 20 இலீற்றர் சுவாசிப்பவனுக்கு அது நீர்ப்பரப்பில் 120 நிமிடத்துக்குப் போதுமானது. 10 மீற்றரில் 60 நிமிடத்துக்கும், 20 மீற்றரில் 40 நிமிடத்துக்குமே போதும். மேலேறி வருதற்கும் ஆபத்துக்கும் வேண்டிய மீதியை ஒதுக்கிய பின் எஞ்சுவதே அவனுக்குரிய நேரம். இக்கணக்கிற் பிழை விடுபவனுக்குக் கிடைக்கும் தண்டனை சிவப்பு மையாற் புள்ளி குறைக்கப்படுவது அன்று.

இரண்டாவது ஆபத்து நைதரசனால் வருவது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே. அமுக்கங் கூடுங்கால் அது குருதியிலும் இழையங்களிலும் மிகுதியாகக் கரைகின்றது. மெல்ல மேலேறினால், கரைந்தது மெல்ல நுரையீரல் வழியே வெளியேறும். விரைந்தேறினால், சோடாப் போத்தலைத் திடீரெனத் திறந்தாற்போலக் குருதியிற் குமிழிகள் தோன்றும். மூட்டு நோவும், கைகால் மரத்தலும், சிலவேளை மரணமும் நேரும். படிப்படியாக நின்று நின்று மேலேறினால் இதனைத் தவிர்க்கலாம் என்பதை ஹால்டேன் என்னும் உடற்றொழிலியலறிஞர் ஆடுகளைக்கொண்டு ஆராய்ந்து, 1908-இல் அட்டவணையாக வெளியிட்டார். இன்று மூழ்குவோர் கையிற் கட்டிச் செல்லும் சிறு கணிப்பொறிகள் அக்கணக்கின் வழிவந்தனவேயாம். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுவதும், 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடந் தங்குவதும் மாணவர்க்குப் பழக்கமாக்கப்படுகின்றன.

இதனை இங்கு விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. வயிற்றுப்பாட்டின் பொருட்டுச் சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டருடன் இறங்குவோர் நம் கரையூர்களில் உளர். அவர்களுட் பலர் முறையான பயிற்சி பெறாதவர். ஒரே நாளிற் பலமுறை ஆழஞ் சென்று விரைந்து மேலேறியதால் மூட்டு நோயுற்றோரும் நடையிழந்தோரும் அவர்களிடையே இருக்கின்றனர். வாதமென்றும் காத்துக்கறுப்பென்றும் எண்ணி மருந்து தேடியவரும் உண்டு. கடலுக்கு அஞ்சாத அம்மனிதர்க்கு இல்லாதிருந்தது துணிவன்று. ஒரு பக்க அட்டவணையும் அதனை வாசித்து விளக்க ஒருவருமே. பௌதிகம் கற்ற மாணவன் ஒருவன் தன் ஊரிலே இதனைச் சொல்லக்கூடியவனாதல் சிறிய பயனன்று.

வயதும் பயிற்சியும்

சிறுவரை எவ்வயதில் நீருள் இறக்கலாம்? 1966-இல் அமெரிக்காவில் தோன்றி இன்று உலகெங்கும் பரவியுள்ள ‘பாடி’ என்னும் பயிற்சி நிறுவனத்தின் விதிப்படி, 10 வயது நிரம்பியவர் இளையோருக்குரிய பயிற்சியிற் சேரலாம். 10, 11 வயதினர் பெற்றோருடனோ பயிற்சியாளருடனோ 12 மீற்றருக்கு மேற்படாது மூழ்கலாம். 12 முதல் 14 வயதினர் தகுதிபெற்ற வயதுவந்தோர் ஒருவரது துணையுடன் 18 மீற்றர் வரை செல்லலாம். 15 வயதிலேயே முதியோர்க்குரிய தகுதி கிடைக்கும். செவி, நெஞ்சு முதலியவற்றின் நலம் பற்றிய வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். ஐயமிருப்பின் மருத்துவரின் அனுமதி வேண்டும். நில்லாது 200 மீற்றர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் ஆற்றல் வேண்டும்.

பயிற்சி முதலில் வகுப்பறையிலும், பின் நீச்சற் குளத்திலும், அதன்பின் கடலிலும் நடைபெறும். முகக்கண்ணாடியுள் நீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுதல், வாய்க்கருவி நழுவினால் தேடி எடுத்தல், காற்றுத் தீர்ந்த தோழனுக்குத் தன் காற்றைப் பகிர்தல் முதலியன மீண்டும் மீண்டும் பயிற்றப்படும். ஒருவனும் தனியே இறங்கலாகாது. இருவர் இருவராகவே செல்லல் வேண்டும். இறங்குமுன் ஒருவனது கருவியை மற்றவன் சோதித்தல் வேண்டும். பேச முடியாத உலகிலே கைச்சைகையே மொழி. பெருவிரலை உயர்த்துதல் நிலத்திலே ‘நன்று’ என்பதைக் குறிக்கலாம். நீருளோ ‘மேலே செல்வோம்’ என்பதே அதன் பொருள். ஒருவன் அச்சைகையைக் காட்டினால், காரணங் கேளாது மற்றவனும் உடன் ஏறவேண்டும்.

இவற்றுள் ஆய்வுக்கு இன்றியமையாதது மிதப்பைக் கட்டுப்படுத்துதல். ஆக்கிமிடீசின் தத்துவப்படி, உடலும் கருவிகளும் இடம்பெயர்க்கும் நீரின் நிறைக்கு அவற்றின் நிறை சமமாயின், மாணவன் மேலெழான், கீழமிழான், அந்தரத்தில் நிற்பான். மூச்சைச் சிறிது கூட்டியுங் குறைத்தும் ஒரு சாண் உயரவும் தாழவும் அவன் பழகுகின்றான். இத்திறமை வாய்க்காதவன் முருகைக்கற்களின்மேல் விழுந்து, நூறாண்டு வளர்ந்ததை ஒரு நொடியில் உடைப்பான். ஆதலின், இது கைவந்த பின்னரே அளவு நாடாவும் எழுதுபலகையும் கையிற் கொடுக்கப்படுகின்றன.

முருகைக்கல் என்னும் நகரம்

முருகைக்கல் கல்லுமன்று, செடியுமன்று. குழிக்குடலிகள் என்னும் வகுப்பைச் சேர்ந்த, பெரும்பாலும் நெல்மணியளவினவான பொலிப்புக்கள் பல்லாயிரம் கூடி, கடல்நீரிலிருந்து கல்சியங் காபனேற்றைப் பிரித்தெடுத்துக் கட்டும் மாளிகையே அது. அவ்வுயிர்களின் இழையங்களுள்ளே கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் வாழ்கின்றன. அல்கா சூரியவொளியால் உணவாக்கிப் பொலிப்புக்கு அளிக்கின்றது. பொலிப்பு அதற்கு உறைவிடமும் கழிவிலிருந்து போசணையும் அளிக்கின்றது. ஒன்றியவாழ்வுக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. யான் முறித்த கிளையிற் கண்ட பழுப்பு நிறம் அந்த அல்காக்களின் நிறமே.

கிளைத்து வளரும் இனங்கள் ஆண்டுக்கு 10 சதமமீற்றர் அல்லது அதனினும் மேலாக நீளும். உருண்டு திரண்ட இனங்களோ ஆண்டுக்கு ஒரு சதமமீற்றர் அளவே வளரும். ஒரு மாட்டுவண்டிச் சில்லின் குறுக்களவுள்ள உருண்டைக் கல் நம் பாட்டனாருக்கும் மூத்ததாயிருத்தல் கூடும். முருகைக்கற் பாறைகள் கடலடிப் பரப்பில் நூற்றிலொரு பங்குகூட இல்லை. ஆயினும், அறியப்பட்ட கடலுயிரினங்களில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு தம் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் அவற்றைச் சார்ந்திருக்கின்றன. கரையை அலையிலிருந்து காப்பதும் அவையே.

கோடைகாலத்து வழக்கமான உச்ச வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகை செல்சியசு உயர்ந்து, அந்நிலை சில கிழமைகள் நீடித்தாற் போதும், இவ்வொன்றியவாழ்வு குலைகின்றது. பொலிப்பு அல்காவை வெளியேற்ற, நிறமற்ற இழையத்தினூடே வெண்கூடு தெரிகின்றது. இதனையே வெளிறல் என்பர். வெளிறிய முருகைக்கல் இன்னும் இறக்கவில்லை, பட்டினி கிடக்கின்றது. வெப்பம் விரைவிற் தணியின் மீளும், தணியாவிடின் மடியும். 1998-ஆம் ஆண்டின் பெருவெப்பத்தில், இந்துசமுத்திரம் எங்கும் இவ்வாறு அழிந்த பாறைகள் பல. 2024 ஏப்பிரிலில் அறிஞர்கள் உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வை அறிவித்தனர்.

நூறு மீற்றர் நாடா

இனி, மாணவர் கீழே செய்வது யாது என்பதைக் காண்போம். 1996-இல் நிறுவப்பெற்ற ‘றீஃப் செக்’ என்னும் அமைப்பு, விஞ்ஞானியல்லாதாரும் பயிற்சி பெற்றுப் பாறையை அளத்தற்கு ஒரு முறையை வகுத்தது. 100 மீற்றர் நாடாவைப் பாறையின்மேல் ஒரே ஆழத்தில் விரித்து, இடையிடையே 5 மீற்றர் விட்டு, 20 மீற்றர்த் துண்டுகள் நான்கைத் தெரிவர். முதற் சோடி மாணவர் நாடாவின் இருபுறமும் மொத்தம் 5 மீற்றர் அகலத்துள் வரும் குறிப்பிட்ட மீனினங்களை எண்ணுவர். இரண்டாஞ் சோடி கடல்முள்ளி, கடலட்டை, சிங்க இறால் முதலியவற்றை எண்ணும். மூன்றாஞ் சோடி நாடாவில் ஒவ்வோர் அரை மீற்றரிலும் நேர்கீழே இருப்பது உயிருள்ள முருகைக்கல்லா, இறந்ததா, பாசியா, மணலா எனக் குறிக்கும். துண்டொன்றுக்கு 40 புள்ளியாக மொத்தம் 160 புள்ளிகள். அவற்றுள் 48 புள்ளியில் உயிருள்ள முருகைக்கல் இருப்பின், பாறையின் உயிர்ப்போர்வை நூற்றுக்கு 30 எனக் கொள்ளப்படும். இது நான்காம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க கணக்கே.

குறிப்பிட்ட சில இனங்களையே எண்ணுவதற்குக் காரணம் உண்டு. பெரிய களவா மீன் காணப்படாவிடின் மிகையாக மீன்பிடிக்கப்படுகின்றது என்பது தெரியும். கிளிமீன் குறைந்தால் அது மேய்ந்துவந்த பாசி பெருகி முருகைக்கல்லை மூடும். ஒவ்வோரினமும் ஒவ்வொரு நோயின் நாடித்துடிப்பாக அமைகின்றது.

இன்னும் எளியதொரு முறையும் உண்டு. ஒஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் 2002-இல் வெளியிட்ட நிறவட்டையில், நான்கு நிறங்கள் வெளிறியது முதற் செறிந்தது வரை ஆறாறு படிகளாக அச்சிடப்பட்டுள்ளன. மாணவன் முருகைக்கல்லின் மிக வெளிறிய இடத்துக்கும் மிகச் செறிந்த இடத்துக்கும் பொருந்தும் படிகளைக் குறித்துக்கொள்வான். அதே பாறையில் அடுத்த முறை படி இரண்டு இறங்கியிருப்பின், ஏதோ தீங்கு நேர்கின்றது எனக் கொள்ளலாம். ஆழஞ் செல்லச் செல்லச் செந்நிறம் முதலில் மறைதலின், கண் ஏமாறும். கையில் வெட்டுண்டாற் குருதிகூடப் பசுமையாகத் தோன்றும். கல்லையும் அட்டையையும் ஒரே ஒளியில் ஒப்பிடுதலால் இவ்வட்டை அவ்வேமாற்றத்தைத் தவிர்க்கின்றது. இவ்வாறே, முகக்கண்ணாடியூடே பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தோன்றுதலின், மீனின் நீளத்தை மதிப்பிடவும் மாணவர் முன்னரே பழகுகின்றனர்.

இம்முறைகளின் உயிர் ஒருமுறை அளத்தலில் இல்லை. அதேயிடத்தை ஆண்டுதோறும் அளத்தலில் உள்ளது. ஓராண்டுப் பட்டியல் வெறும் எண். பத்தாண்டுப் பட்டியலே வரலாறு. கல்லூரியொன்று இதற்கு மிகப் பொருத்தமான இடமாவது இதனாலேயே. மாணவர் மாறினும் கல்லூரி நிற்கும். அண்ணன்மார் விரித்த நாடாவைத் தம்பிமார் மீண்டும் விரிப்பர்.

புளொரிடா மாணவர்

அமெரிக்காவின் புளொரிடா மாநிலத்தில், 2001-ஆம் ஆண்டு தொடக்கம் ‘ஸ்கூபாநோட்ஸ்’ என்னும் அமைப்பு 12 முதல் 18 வயது வரையுள்ள மாணவரை இவ்வழியிற் பயிற்றி வருகின்றது. அங்குள்ள பாறைகளின் கதை துயரமானது. 1983-இல் தொடங்கிய கொள்ளைநோய் கரிபியக் கடலெங்கும் பரவி, பாசியை மேய்ந்துவந்த நெடுமுட் கடல்முள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழித்தது. மேய்ப்பாரற்ற பாசி முருகைக்கல்லை மூடியது. மான்கொம்பு போன்ற இனங்களிரண்டு அருகிவருவனவாக 2006-இற் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. இம்மாணவர் மோட் என்னும் கடலாய்வு நிலையத்தாருடன் சேர்ந்து, நாற்றுமேடையில் வளர்த்த முருகைக்கற் துண்டுகளைக் கடலடிப் பாறையில் ஒட்டி நடுகின்றனர். போரில் அங்கமிழந்த வீரரும் அவர்களோடு உடனிறங்கி நடுவதுண்டு. பதினைந்து வயதுச் சிறுமியும், காலிழந்த படைவீரரும் ஒரே பாறையில் அருகருகே மிதந்து ஒரே வேலையைச் செய்தல் நினைத்தற்கு இனியது.

ஆயினும், இதனை வெற்றிக்கதையாக மட்டுஞ் சொல்லி முடிப்பது நேர்மையன்று. 2023-ஆம் ஆண்டுக் கோடையிற் புளொரிடாக் கடல் வரலாறு காணாத வெப்பமுற்றது. நட்டவற்றுட் பல வெளிறி மடிந்தன. எஞ்சியவற்றை அறிஞர் அவசரமாக எடுத்து நிலத்திலுள்ள தொட்டிகளுக்கு மாற்றினர். நட்டது மடியக் கண்ட மாணவன் என்ன கற்றான்? தோட்டத்தைத் திருத்தினாற் போதாது, வானிலை கெடாமலும் காத்தல் வேண்டும் என்பதைக் கற்றான். எந்நூலும் அதனை அத்துணை அழுத்தமாகக் கற்பித்திராது.

நம் கடலிலே

இத்துறையில் இலங்கை பின்தங்கித் தொடங்கிய நாடன்று. விலங்கியலறிஞரான றொட்னி யொங்க்ளாஸ், எழுத்தாளர் ஆதர் சி. கிளாக், அவருடைய நண்பர் மைக் வில்சன் ஆகியோர் 1950-களிலேயே நம் கடலடியைத் துருவியறிந்தனர். 1956-இலே திருகோணமலைச் சுவாமி மலையடியிற் கிளாக்கும் வில்சனும் மூழ்கிப் பறங்கியரால் இடித்துத் தள்ளப்பட்ட கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்குகற்களையும் கண்டமை சைவர் யாவரும் அறிந்ததே. பின்னர், 1961-இல், தென்கீழ்க் கடலிலுள்ள கிரேட் பாசஸ் பாறையிலே, வில்சனோடு சென்ற அமெரிக்கச் சிறுவர் இருவர் பழைய கப்பலொன்றின் பீரங்கியையும் வெள்ளி நாணயங்களையும் காண நேர்ந்தது. சூரத்தில் அச்சிடப்பட்ட அந்நாணயங்கள் 1702-ஆம் ஆண்டுக்குரியன என அறியப்பட்டது. பதின்ம வயதினர் இருவர் இந்நாட்டு வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கடலடியிற் கண்டெடுத்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு எதிரே ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது புறாத்தீவு. 1963-இற் சரணாலயமாகவும், 2003-இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இதனைச் சூழ்ந்த பாறையில் ஏறக்குறைய 100 முருகைக்கல் இனங்களும் 300 மீனினங்களும் பதிவாகியுள்ளன. துடுப்பின் நுனி கறுத்த சிறு சுறாக்களும் அழுங்காமையும் அங்கு உலாவும். சோளகக் காலத்திலே, கடல் அமைதியுற்றுத் தெளிந்திருக்குங்கால், இதனினுஞ் சிறந்த வகுப்பறை கிடைத்தல் அரிது. 1998-இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாறைகளிலும் ஆழங்குறைந்த இடத்து முருகைக்கற்களிற் பெரும்பாலன மடிந்தபொழுது, திருகோணமலைப் பாறைகள் பெரிதும் தப்பின.

வெப்பத்துக்குத் தப்பியவை மனிதனுக்குத் தப்பினவென்று சொல்ல முடியாது. முருகைக்கல்லை அகழ்ந்து சுண்ணாம்புச் சூளையிலிட்ட வழக்கம் கரையோரமெங்கும் நெடுங்காலம் நிலவியது. அதனைத் தடுக்க 1988-இற் சட்டந் திருத்தப்பட்டது. டைனமைட் வைத்து மீன்பிடிப்போர் மீனோடு மீனின் வீட்டையுந் தகர்க்கின்றனர். புறாத்தீவிலோ, கடல் வற்றிய நேரத்தில் முருகைக்கற்களின்மேற் காலூன்றி நிற்கும் உல்லாசப் பயணிகளாலும் சேதம் விளைகின்றது. இவர்களுட் பெரும்பாலோர் தீய எண்ணமுடையவரல்லர். கல்லின்மேல் நிற்கின்றோம் என்றே எண்ணுகின்றனர். யானும் கல்லையே முறித்ததாக எண்ணினேன்.

பெற்றோரின் அச்சம்

‘கடலுக்குப் போகாதே’ என்று சொல்லாத தாய் நம்மிடையே அரியள். 2004 திசெம்பர் 26-ஆந் தேதிக்குப் பின் அச்சொல்லுக்கு எவரும் மறுமொழி கூறத் துணியார். இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை அன்று கடல் கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் போர்க்காலத்திலே, கடற்கரை பல ஆண்டுகள் தடைசெய்யப்பட்ட இடமாயிருந்தது. கரையிலே பிறந்து நீந்தத் தெரியாது வளர்ந்த ஒரு தலைமுறை இவ்வாறு உருவாயிற்று. அவ்வச்சத்தை ஏளனஞ் செய்வது அறியாமை.

ஆயினும், அச்சத்துக்கு மருந்து விலகியிருத்தல் அன்று, முறையாக அறிதலே. ஸ்கூபாப் பயிற்சி செலவு மிக்கது. எல்லா மாணவர்க்கும் உடனே இயல்வதன்று. அதற்கு முன் ஏறத்தக்க படிகள் பல உள. முதற்படி நீச்சல். இரண்டாம் படி முகக்கண்ணாடியும் சுவாசக் குழாயும்; இவ்விரண்டைக்கொண்டு ஒன்றிரண்டு மீற்றர் நீரின்மேல் மிதந்தவாறே நிறவட்டையைப் பயன்படுத்தலாம், மீனினங்களைப் பயிலலாம். மூன்றாம் படியே சிலிண்டர். நீரில் இறங்கவே முடியாத மாணவனும், கரையொதுங்கிய பொருள்களை எண்ணியும், நீரின் வெப்பநிலையை நாடோறும் குறித்தும், மீனவர் கொண்டுவரும் மீன்வகையைப் பதிந்தும் இவ்வாய்விற் பங்குபற்றலாம். மீனவரிடங் கேட்டறிதல் தனியொரு கல்வி. எந்தப் பார் எந்தக் காற்றில் எந்த மீனைத் தரும் என்பதை அவர்கள் அறிந்த அளவு எந்நூலும் அறியாது.

பழைய மாணவராகிய நாம் விழாக் காலங்களிலே கல்லூரிக்குக் கட்டடங்களும் கதவுகளும் கொடுக்கின்றோம், அவை வேண்டியனவே. அவற்றோடு, ஒரு நீச்சற் பயிற்சியாளரின் சம்பளத்தையும், இருபது முகக்கண்ணாடிகளையும், 100 மீற்றர் நாடா ஒன்றையும், தடித்த அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றையுங் கொடுப்போமாயின், அடுத்த விழா மலரிலே பாறையின் பத்தாண்டு வரலாற்றை மாணவரே எழுதுவர். அவ்வரலாறு மகிழ்ச்சி தருவதாயிருக்குமா, துயரந் தருவதாயிருக்குமா என்பது அதனை எழுதுவோர் கையில் மட்டும் இல்லை. ஆயினும், எழுதுவோர் இன்றி அழிவது இன்னும் பெரிய துயரம்.

ஆய்வுகூட அலுமாரியில் யான் வைத்த வெண்கிளையை எறிந்துவிட வேண்டாமென்று வேண்டுகின்றேன். அது அங்கேயே இருக்கட்டும். அதன் கீழே ஒட்டியுள்ள சிறு தாளில் இனத்தின் பெயரோடு இன்னொரு வரியும் எழுதப்படட்டும்: ‘உயிரோடிருந்தபோது இதன் நிறம் பழுப்பு.’ அதனை வாசிக்கும் மாணவன் ஒருவனேனும் ‘ஏன்?’ என்று கேட்பானாயின், கடலடியிலுள்ள வகுப்பறையின் கதவு அவனுக்குத் திறந்துவிட்டது எனலாம்.